பாதி வழியில் கரையும் கிரெடிட்டுகள்

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் சேரும் பத்துப் பேரில் எட்டுப் பேர், என்றாவது இளங்கலைப் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சேர்கிறார்கள். ஆனால் சேர்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார். ஆறு ஆண்டுகளுக்குள் இளங்கலைப் பட்டத்தைக் கையில் வாங்குபவர்கள் நூற்றுக்கு 16 பேர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம், ஆஸ்பென் நிறுவனத்தோடும் தேசிய மாணவர் பதிவு மையத்தோடும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட கணக்கு இது.

பணம், குடும்பம், வேலை நேரம் என்று இந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு. கல்லூரிகள் நினைத்தால் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. ஒரு கல்லூரியில் படித்துத் தேறிய பாடத்தை அடுத்த கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017-இல் தந்த அறிக்கையின்படி, கல்லூரி மாறிய மாணவர்கள் அதுவரை சேர்த்த கிரெடிட்டுகளில், அதாவது பாட மதிப்பு அலகுகளில், சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தார்கள். தனியார், அரசு, இலாப நோக்குள்ள கல்லூரிகள் என எல்லா வகை மாற்றங்களையும் சேர்த்த சராசரி அது. அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கே மாறியவர்களும் 37 விழுக்காட்டை இழந்தார்கள்.

குற்றவியல் நீதிப் படிப்பில் இந்த இழப்புக்குப் பின்னால் தனியாக ஒரு வரலாறு இருக்கிறது. காவலர், சிறை அலுவலர், நன்னடத்தை அலுவலர், நீதிமன்ற ஊழியர் ஆக விரும்புபவர்களும், ஏற்கெனவே அந்த வேலைகளில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்காகப் படிப்பவர்களும் தேர்ந்தெடுக்கும் துறை இது. சமுதாயக் கல்லூரி இதை ஒரு தொழிலாகக் கற்பிக்கிறது. பல்கலைக்கழகமோ அந்தத் தொழிலை விசாரணைக்கு உட்படுத்தும் ஒரு சமூக அறிவியலாகக் கற்பிக்கிறது. சட்டத்தைக் காக்கும் ஒருவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி நூறு ஆண்டுகளாக முடிவு காணாமல் கிடக்கிறது. அந்த வழக்கின் செலவை மாணவர்கள் தங்கள் கைக்காசிலிருந்து கட்டிவருகிறார்கள் என்பதே என் கட்சி.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம். இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரிதான் இன்றும் இயங்கும் அரசுச் சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை ஊருக்குள்ளேயே, குறைந்த கட்டணத்தில் கொடுப்பதுதான் அன்றைய நோக்கம். பள்ளிப் படிப்பை முடித்த எவரும் சேரலாம். 60 கிரெடிட் முடித்தால் அசோசியேட் பட்டம். இளங்கலைக்கு 120 கிரெடிட் வேண்டும் என்பதால், மீதி 60-ஐப் பல்கலைக்கழகத்தில் படித்தால் போதும் என்பது காகிதக் கணக்கு. நம் ஊரில் பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் உட்கார்வதைப் போன்றது என்று முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால் இங்கே டிப்ளமோ என்ற மொத்தத் தகுதிக்கு ஓர் இடம் உண்டு. அங்கே பல இடங்களில் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகப் பிரித்து எடைபோடுகிறார்கள். எடைபோடும் வேலை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் துறையிடம் இருக்கிறது.

காவலருக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்ற எண்ணத்தை விதைத்தவர் ஆகஸ்ட் வோல்மர். மாணவராகக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல்துறைத் தலைவராக இருந்தவர். 1908-இல் தம் காவலர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1916-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வகுப்புகளை ஏற்பாடு செய்தார். பல்கலைக்கழக மாணவர்களையே காவலர்களாக எடுத்தார். மற்ற ஊர்க் காவல்துறையினர் அவர்களைக் கேலி செய்தார்கள். 1930-இல் பக்கத்திலுள்ள சான் ஹோஸே அரசுக் கல்லூரியில் காவலர் படிப்பு தொடங்கியது. வோல்மரே சிகாகோவிலும் பின்பு பெர்க்லியிலும் பேராசிரியராக அமர்ந்தார். 1950-இல் பெர்க்லியில் குற்றவியலுக்கென்றே தனிப் பள்ளி எழுந்தது. காவல்துறையைத் திறமையாக நடத்தச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய அந்தப் பள்ளியில், 1960-களின் முடிவில், காவல்துறை யாருக்காக இருக்கிறது என்று கேட்கும் ஆசிரியர்கள் வந்துசேர்ந்தார்கள். 1976-இல் பல்கலைக்கழகம் அந்தப் பள்ளியை மூடிவிட்டது. ஒரே கூரையின் கீழ் இரண்டு நோக்கங்களும் சேர்ந்து வாழ முடியவில்லை.

இதற்கிடையில் கூட்டரசின் பணம் வந்தது. ஜனாதிபதி ஜான்சன் அமைத்த ஆணையம் 1967-இல் தந்த அறிக்கையில், பொதுவான அமலாக்க அதிகாரம் உள்ள காவலர் அனைவருக்கும் இளங்கலைப் பட்டம் இருப்பதே இறுதி இலக்காக வேண்டும் என்றது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், காவலர்களும் காவலராக விரும்புபவர்களும் கல்லூரியில் படிக்கக் கடனும் உதவித்தொகையும் தரும் திட்டம் உருவானது. பட்டம் முடித்து அந்தத் துறையிலேயே பணிபுரிந்தால், ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு கடன் தள்ளுபடி. நாடெங்கும் சமுதாயக் கல்லூரிகள் அவசர அவசரமாகக் காவலர் படிப்புகளைத் திறந்தன. பாடம் நடத்த ஆள் வேண்டுமே! ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகளும், பணியில் இருந்தபடியே மாலையில் வகுப்பெடுத்தவர்களும் ஆசிரியர்களானார்கள். ரோந்து, அறிக்கை எழுதுதல், போக்குவரத்து அமலாக்கம் என்று காவலர் பயிற்சிப் பள்ளியின் பாடங்களே கல்லூரிப் பாடங்களாக மாறின.

பத்து ஆண்டு கழித்து எதிர்வினை வந்தது. லாரன்ஸ் ஷெர்மன் பொறுப்பில், காவலர் உயர்கல்விக்கான தேசிய ஆலோசனை ஆணையம் 1978-இல் ஒரு கடுமையான அறிக்கையை வெளியிட்டது. காவலர் கல்வி பயிற்சிப் பள்ளியின் நகலாகக் கூடாது, அகன்ற கல்வியாக இருக்கவேண்டும், மேற்படிப்புக்கு வழியில்லாத இரண்டாண்டுக் காவலர் படிப்புகளைச் சமுதாயக் கல்லூரிகள் படிப்படியாகக் கைவிடவேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் படிப்புகளோ இன்றும் இருக்கின்றன. பல்கலைக்கழகத் துறைகள் ஆணையத்தின் பக்கம் நின்று தம்மை வளர்த்துக்கொண்டன. இரண்டு கரையும் அப்படியே நின்றுவிட்டன. நடுவில் ஆற்றைக் கடக்கிறவர் மாணவர்.

ஒரு கற்பனை மாணவியின் மதிப்பெண் பட்டியலை மேசையில் விரித்துப் பார்ப்போம். பகலில் சரக்குக் கிடங்கில் வேலை, மாலையில் வகுப்பு. 60 கிரெடிட் முடித்துக் குற்றவியல் நீதியில் அசோசியேட் பட்டம் வாங்கியிருக்கிறார். ஆங்கிலம், வரலாறு, உளவியல், கணக்கு என்று 33 கிரெடிட் பொதுப் பாடங்கள். மீதி 27 கிரெடிட்டில் ஒன்பது துறைப் பாடங்கள்: குற்றவியல் நீதி அறிமுகம், குற்றவியல் சட்டம், சிறைத்துறை அறிமுகம், குற்றவியல் நடைமுறை, புலனாய்வு, ரோந்துப் பணி, அறிக்கை எழுதுதல், போக்குவரத்து அமலாக்கம், களப்பயிற்சி. பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வருகிறது: "உங்கள் 60 கிரெடிட்டும் ஏற்கப்பட்டது." வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சில வாரம் கழித்துத் துறை ஆலோசகர் பட்டத் தணிக்கைத் தாளை எடுத்து வைக்கிறார். முதல் மூன்று துறைப் பாடங்கள் மட்டும் முதன்மைப் பாடக் கணக்கில் விழுந்திருக்கின்றன. குற்றவியல் நடைமுறை இங்கே மூன்றாமாண்டுப் பாடம் என்பதால், சமுதாயக் கல்லூரியில் படித்தது அதற்கு ஈடாகாது, மறுபடி படிக்கவேண்டும். அதையும் புலனாய்வு முதலான ஐந்தையும் சேர்த்து ஆறு பாடங்கள் விருப்பப் பாடக் கட்டத்துக்குப் போகின்றன. அந்தக் கட்டத்தில் இடம் இருப்பதோ 6 கிரெடிட்டுக்குத்தான். 12 கிரெடிட் வெளியே நிற்கிறது. பொதுப் பாடங்களிலும் இரண்டு பொருந்தவில்லை. அவற்றில் ஒன்று கணக்கு: அவர் எடுத்தது வணிகக் கணக்கு, பட்டம் கேட்பது புள்ளியியல். ஆக, 42 கிரெடிட்தான் பட்டத்தை நோக்கி நகர்கிறது, மீதி 78. வேலையோடு பருவத்துக்கு 9 கிரெடிட் படிக்கும் அவருக்கு ஏழு பருவத்தில் முடியவேண்டியது ஒன்பது பருவமாகிறது. கூட்டரசின் பெல் உதவித்தொகைக்கும் வரம்பு உண்டு; ஆயுளுக்கு 12 முழுநேரப் பருவங்களின் அளவுதான். ஒரே பாடத்தை இரண்டு முறை படிப்பதில் அதுவும் கரைகிறது.

கடிதம் பொய் சொல்லவில்லை. 60 கிரெடிட்டும் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஏற்பது வேறு, பட்டத்துக்குப் பயன்படுவது வேறு. இந்த வேறுபாட்டைச் சேரும் முன் மாணவரிடம் சொல்லவேண்டிய கடமை யாருடையது என்று பல இடங்களில் விதிகள் தெளிவாகச் சொல்வதில்லை.

இதில் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. சமுதாயக் கல்லூரியில் பெரும்பாலும் இரண்டு வகை அசோசியேட் பட்டங்கள் இருக்கும். ஒன்று பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கானது. மற்றது நேரே வேலைக்குப் போவதற்கான பயன்முறைப் பட்டம். இரண்டுக்கும் குற்றவியல் நீதி என்ற ஒரே பெயர்தான். காவலராகத் துடிக்கும் பதினெட்டு வயதுக்காரருக்கு எது கவர்ச்சியாக இருக்கும்? ரோந்தும் புலனாய்வும் நிறைந்ததுதான். ஆனால் பாடத்தின் பெயரில் காவல்துறை வாசனை கூடக்கூட, மாறும்போது அதன் மதிப்பு குறைகிறது. சேதமில்லாமல் கரை சேர்பவை வரலாறும் புள்ளியியலும் ஆங்கிலக் கட்டுரையும்தான். துறையின் மேல் அதிக ஆசை வைத்த மாணவருக்கே அதிக இழப்பு.

பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, சமுதாயக் கல்லூரி மாணவர்களின் ஆசையை மெல்ல ஆறவைக்கும் வேலையைச் செய்கிறது என்றது. பல்கலைக்கழகக் கனவோடு வருபவரைத் தேர்வு, ஆலோசனை, வழிகாட்டல் வகுப்பு என்று படிப்படியாகத் தொழிற்படிப்பின் பக்கம் திருப்புகிறார்கள். முகத்தில் அறைந்து மறுப்பதில்லை. மாணவர் தாமே முடிவெடுத்ததாக நம்பும்படி செய்கிறார்கள் என்றார். அவர் ஆராய்ந்த கல்லூரி இருந்த ஊர் சான் ஹோஸே. முப்பது ஆண்டுக்கு முன் காவலர்களைக் கல்லூரிக்குள் அழைத்த அதே ஊர்.

பல்கலைக்கழகத்தின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 1972 அக்டோபரிலிருந்து ஓராண்டு, கான்சஸ் சிட்டியில் ஒரு சோதனை நடந்தது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து. ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. ஐந்தில் ரோந்தே இல்லை, அழைத்தால் மட்டும் காவலர் வருவார். குற்ற எண்ணிக்கையிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ரோந்துப் பணி என்ற பாடம் எப்படி ரோந்து போவது என்று சொல்லித்தரும். ஆய்வு முறையும் புள்ளியியலும் அறிந்தவர்தான், இப்படிப் போவதால் பயன் உண்டா என்று கேட்கமுடியும். கான்சஸ் சிட்டி முடிவின் குறைகளையும் சுட்டமுடியும்.

சட்டப் பாடத்துக்கும் இது பொருந்தும். 1974-இல் மெம்ஃபிஸ் நகரில், எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எட்வர்ட் கார்னர் என்ற 15 வயதுச் சிறுவன், ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறித் தப்பமுயன்றபோது காவலர் சுட்டதில் இறந்தான். அவன் கையில் ஆயுதம் இல்லை. தப்பியோடுபவரால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து என்று நம்பக் காரணம் இல்லாவிட்டால் அவரைக் கொல்லும் வகையில் சுடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. பயிற்சிப் பாடத்தில் இது ஒரு வரி விதி: இப்போது சுடலாம், இப்போது கூடாது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக ஓடுபவரைச் சுடலாம் என்றிருந்த விதி எங்கிருந்து வந்தது, எந்த வாதங்கள் அதைச் சாய்த்தன, மாறுபட்ட மூன்று நீதிபதிகள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பல்கலைக்கழகப் பாடம். துப்பாக்கி ஏந்தப்போகும் ஒருவர் இரண்டாவதையும் படித்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே தரம் தேவை என்று பல்கலைக்கழகம் சொல்வதோடு எனக்குச் சண்டையில்லை. அந்தத் தரத்தை மாணவர் படித்து முடித்த பிறகு சொல்வதுதான் அநீதி. குற்றவியல் நடைமுறைப் பாடத்தில் எந்தெந்தத் தீர்ப்புகளைப் படிக்கவேண்டும், எத்தனை பக்கம் எழுதவேண்டும் என்று இரண்டு கல்லூரி ஆசிரியர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது. அப்படிப் பேசிய இடங்களில் பலன் தெரிந்திருக்கிறது.

கலிபோர்னியா 2010-இல் ஒரு சட்டம் இயற்றியது. சமுதாயக் கல்லூரிகளும் கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்ட ஒரே பாட அமைப்பில் 60 கிரெடிட் முடித்தால், அந்தப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. அங்கே அதை ஒத்த துறையில் மேலும் 60-க்குமேல் கேட்கக்கூடாது. நீதி நிர்வாகம் என்ற பெயரில் இத்துறைக்கும் அப்படி ஒரு மாற்றுப் பட்டம் உண்டு. குற்றவியல் நீதி அறிமுகமும் குற்றவியல் சட்டமும் கட்டாயம். மற்றவை தரப்பட்ட பட்டியலிலிருந்து. இரண்டு ஓட்டைகளை மட்டும் சொல்லவேண்டும். உறுதி செய்யப்படுவது அமைப்பில் ஓர் இடம். வீட்டுக்குப் பக்கத்து வளாகத்தில் அல்ல. பிள்ளையும் வேலையும் உள்ளவருக்கு நூறு மைல் தள்ளியுள்ள இடம் இடமே அல்ல. எந்தத் துறை "ஒத்தது" என்று முடிவு செய்வதும் அந்தந்த வளாகம்தான். 2021-இல் வந்த சட்டங்கள் பொதுப் பாடங்களை ஒரே வழியாக்கின. எல்லாச் சமுதாயக் கல்லூரிகளிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் கொடுக்கும் வேலையையும் தொடங்கிவைத்தன.

நியூயார்க் வேறு வழியில் போனது. 1960-களின் நடுவில் காவலர் கல்லூரியாகப் பிறந்த ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரி, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். பல ஆண்டுகள் இரண்டாண்டுப் பட்டத்தையும் தானே கொடுத்துவந்த அது, அதைக் கைவிட்டு, அதே பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளோடு 2009-இல் ஓர் ஒப்பந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. சமுதாயக் கல்லூரியில் முதல் நாள் சேரும்போதே ஜான் ஜேயின் மூன்றாமாண்டு இருக்கை மாணவருக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. பொதுப் பாடங்களை ஒருசீராக்க அந்த நகரப் பல்கலைக்கழகம் முயன்றபோது ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தது; ஆனாலும் 2013-இல் 30 கிரெடிட் பொதுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாடத்திட்டம் ஆசிரியரின் உரிமை என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். அந்த உரிமையின் விலையை மாணவர் கொடுப்பதை மட்டும் ஏற்கமுடியாது.

இந்தத் துறைக்கு வேறொரு வாசல் வழியாக வருபவர்களும் இருக்கிறார்கள். ஜான் இர்வின் கொள்ளைக் குற்றத்துக்காகக் கலிபோர்னியாவின் சோலடாட் சிறையில் ஐந்தாண்டு இருந்தவர். வெளியே வந்து படித்து, சான் பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். சிறையிலிருந்து வருபவர்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க 1967-இல் அவர் தொடங்கிய திட்டம் இன்று கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் பல வளாகங்களில் நடக்கிறது. கைதிகளுக்கான பெல் உதவித்தொகையை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. 2023 ஜூலையிலிருந்து அது மறுபடி கிடைக்கிறது. சிறைக்குள் வந்து பாடம் நடத்துபவை பல இடங்களில் சமுதாயக் கல்லூரிகள்தான். நீதி அமைப்பின் கடுமையைத் தம் உடம்பால் அறிந்த ஒருவர், அங்கே சேர்த்த கிரெடிட்டோடு வெளியே வந்து, குற்றவியல் நீதித் துறையின் வாசலில் நின்று, "இது இங்கே செல்லாது" என்ற பதிலைக் கேட்பதை என்னால் சகிக்கமுடியவில்லை.

டேவிட் மோனகன், பால் அட்வெல் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாறிய மாணவர்களில் ஏழில் ஒருவர் தம் கிரெடிட்டுகள் ஏறக்குறைய அனைத்தையும் இழந்து புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. கிரெடிட்டுகள் ஏறக்குறைய முழுவதும் கைகூடியவர்கள் பட்டம் முடிக்கும் வாய்ப்பு மிகக் கூடுதலாக இருந்தது. மாணவரின் திறமையைக் குறைசொல்ல இதில் இடமே இல்லை. ஏற்கும் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும், தன் சுற்றுவட்டாரச் சமுதாயக் கல்லூரிகளின் எந்தப் பாடம் தன் குற்றவியல் நீதிப் பட்டத்தில் எந்தக் கட்டத்தில் விழும் என்பதை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடவேண்டும். வெளியிட்டதை மீறி ஒரு பாடத்தைத் திருப்பிப் படிக்கச் சொன்னால், அந்தக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்கவேண்டும்.

அது நடக்கும்வரை, இந்த வழியில் போகிறவர்களும் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். சேரும் பட்டம் மாற்றத்துக்கானதா, வேலைக்கானதா என்று முதல் நாளே கேளுங்கள். போகவிரும்பும் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பருவமும் பாடம் தேர்ந்தெடுங்கள், புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்பதைவிட, பட்டத்துக்கு இன்னும் எத்தனை பாடம் மிச்சம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். படித்த ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு பாடத்தை மறுத்தால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது கையில் இருக்கவேண்டிய முதல் சான்று அந்தத் தாள்தான்.